முன்னூறு குரலில் ஒரு மச்சான்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்த கூரியர்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "உள்ள என்ன சார், தரைக்குப் போடுற டைல்ஸா?" என்று கேட்டார்.

"பாட்டு," என்றார் காதுக்காரர்.

"பாட்டா? இந்தக் கனத்துக்கா?"

"என் கேள்வியும் அதேதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

காதுக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜ் எந்தச் சுருதியில் முனகுகிறது, லிஃப்ட் கதவு எந்தச் சுருதியில் கிறீச்சிடுகிறது என்றெல்லாம் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தால் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்? இசைப் பத்திரிகை ஒன்றில் மாதா மாதம் இசைத்தட்டு விமர்சனம் எழுதி வந்தார். ஒரு வரி பொய் எழுதியதில்லை. அதனாலேயே நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அதிகம் பேர் இல்லை.

அவருக்கென்று ஒரு கட்சி இருந்தது. ஐரோப்பாவின் பரோக் காலத்து, அதாவது முன்னூறு வருஷத்துக்கு முந்தைய, கோரஸ் பாட்டென்றால், ஒரு காருக்குள் அடங்கிவிடுகிற அளவு ஆட்கள்தான் பாட வேண்டும். ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். சுருதியும் இன்றைக்கு இருப்பதைவிட அரைக் கட்டை இறங்கியிருக்க வேண்டும், அந்தக் காலத்துச் சுருதி அதுதான் என்பது அவர் வாதம். இதையே எழுதி எழுதிப் பேனா தேய்ந்ததே தவிர, ஊரில் ஒருவரும் இறங்கி வரவில்லை.

முக்கியமாக, ஊரின் பெரிய பாடகர் குழு இறங்கி வரவில்லை. முன்னூறு பேர். பின்னால் ஊதுகிறவர்கள், இழுக்கிறவர்கள், முரசு அடிக்கிறவர்கள் வேறு. அப்பா பாடிய இடத்தில் மகன், அத்தை பாடிய இடத்தில் மருமகள் என்று ஆட்கள் மாறினார்களே தவிர, பாடுகிற விதம் மாறவில்லை. பெரிதாக, மெதுவாக, கூரை இடிகிற மாதிரி. காதுக்காரர் அந்தக் குழுவைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறார். ஒருமுறை, "மேடையில் இருந்தவர்கள் இறங்கி வந்து கேட்டிருந்தால் அரங்கம் நிறைந்திருக்கும்" என்று எழுதி, மளிகைக் கடையில் மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தக் குழுவின் புது இசைத்தட்டுதான் பெட்டியில் இருந்தது. "வெள்ளம்" என்கிற பரோக் கோரஸ். உலகமே வெள்ளத்தில் மூழ்க, ஒரு படகு மட்டும் மிதக்கிற கதை. மழை பெய்கிறது, பெய்கிறது, இரண்டு தட்டு முழுக்கப் பெய்கிறது. மூன்றாவது தட்டில் மழை நிற்கிறது. அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மௌனம். அதற்குப் பிறகு கீழ்க்குரல்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, மெதுவாக, "நிலம்" என்று பாட வேண்டும். கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும் என்று சொல்வார்கள்.

பெட்டியை அவர் இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கதவைத் தட்டாமலே மச்சான் உள்ளே வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சோபாக்கடை வைத்திருக்கிறார். ஆளும் மூன்று பேர் உட்காருகிற சோபா மாதிரிதான் இருப்பார், மனசும் அதே மாதிரி மெத்தென்று இருக்கும். பெரிய குழுவில் கீழ்க்குரல் வரிசையில் பல வருஷமாகப் பாடுகிறார். அவரிடம் ஒரே ஒரு குறை, எதிலும் முந்திக்கொள்வார். ஜோக் முடிவதற்கு முன் சிரிப்பார். தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரம் போடுவதற்கு முன்பே கை தட்டினார். அந்த மாப்பிள்ளை காதுக்காரர்தான், ஆகவே அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"மாப்ள, வந்துடுச்சா?" என்றார் மச்சான், பெட்டியைப் பார்த்தபடி. முகம் வெளுத்திருந்தது. "கேட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல மச்சான். ஏன் இப்படி வேர்க்குது?"

மச்சான் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "மூணாவது தட்டுல, மழை நிக்கிற இடம். எல்லாரும் சும்மா இருக்கணும். நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். எண்ணிக்கிட்டே இருக்கும்போது அந்தப் படகுல இருக்கிறவங்களை நெனச்சேன். பாவம், எவ்வளவு நாளா தண்ணியையே பாத்துட்டிருந்திருப்பாங்க. நெனச்சேனா, எண்ணிக்கை போயிடுச்சு."

"அப்புறம்?"

"'நிலம்'னு கத்திட்டேன்."

"தனியாவா?"

"ஒத்தை ஆளா."

"அதை அழிச்சுட்டு மறுபடி பாட வேண்டியதுதானே?"

"எங்க பாடறது? ஹால் அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் கிடைச்சுது. நாங்க முடிக்கும்போதே மல்யுத்தக்காரங்க மெத்தையைச் சுருட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க." மச்சான் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "தலைவர் கொந்தளிச்சுட்டார். 'கத்தினது யாருன்னு தெரிஞ்சா, அந்த ஆளுக்குக் குழுவுல இடம் கிடையாது'ன்னு சொல்லிட்டார். யாருமே வாயைத் திறக்கல. நானும்தான். மாப்ள, உங்க காதுக்கு அது யாருன்னு தெரியாம இருக்காது. நீங்க ஒரு வரி எழுதினா நான் தொலைஞ்சேன். எனக்கு இருக்கிறது கடையும் அந்தக் குழுவும்தான்."

காதுக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. மச்சானை அவருக்குப் பிடிக்கும். ஆனால் காதில் விழுந்ததை விழவில்லை என்று எழுதியதில்லை. "நான் பொய் எழுத மாட்டேன் மச்சான்," என்றார், கீழே பார்த்துக்கொண்டு.

"பொய் எழுத வேண்டாம். கேக்கும்போது கொஞ்சம் வசதியா உக்காந்து கேளுங்க, போதும்," என்றார் மச்சான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நாள் தெரிந்தது. கடை ஆட்கள் நாலு பேர் பச்சை வெல்வெட் சோபா ஒன்றை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யானையைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு பெரிது.

பல் டாக்டரான மனைவி கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், படியில் பாதி வழியில் சோபாவால் மறிக்கப்பட்டு நின்றாள். "ஏங்க, இது லஞ்சமா?"

"அண்ணன் அன்பளிப்பு," என்றார் காதுக்காரர்.

"லஞ்சத்தை எந்த ஊர்லயும் அப்படித்தான் சொல்வாங்க," என்று சொல்லிவிட்டு, சோபாவுக்கு அடியில் குனிந்து தப்பித்துப் போனாள்.

பாட்டு கேட்கிற அறை குறுகல். சுவரோரமாக ஒரு தாழ்ந்த பலகையில் இசைத்தட்டுக் கருவி இருந்தது. சோபாவை இப்படித் திருப்பி, அப்படிச் சாய்த்து, கடைசியில் கருவியை இடித்தபடி செருகிவிட்டுப் போனார்கள். அந்தக் கருவியின் பக்கவாட்டில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகர்கிற ஒரு சின்னக் குமிழ் உண்டு; வேகம் குறைந்தால் சுருதியும் கூடவே இறங்கும். காதுக்காரர் அதை வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. சோபாவின் கை அதைத் தள்ளிக்கொண்டு போய் அடிமட்டத்தில் நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் காதுக்காரர் முதல் தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் சோபாவில் புதைந்திருந்தவர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

சுருதி இறங்கியிருந்தது. சரியாக அரைக் கட்டை.

அவரால் நம்ப முடியவில்லை. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்தக் குழு அவர் எழுதியதைப் படித்திருக்கிறது. படித்தது மட்டுமா, திருந்தியும் இருக்கிறது! முன்னூறு பேரும் அவருக்காக அரைக் கட்டை இறங்கி வந்திருக்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால் கருவியில் ஏதோ கோளாறு என்று எழுந்து பார்த்திருப்பார். சுருதி தெரியாதவர் எதையும் கவனிக்காமல் பாட்டை மட்டும் கேட்டிருப்பார். காதும் கூர்மையாக இருந்து, தலையும் கொஞ்சம் கனத்துவிட்டால்தான் இந்த மாதிரிக் குழியில் விழ முடியும். பாட்டு வழக்கத்தைவிட மெதுவாகப் போனது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பெரிய குழு என்றால் இழுக்கத்தானே செய்யும் என்று அதையும் மன்னித்துவிட்டார்.

மூன்றாவது தட்டில் மழை நின்றது. மௌனம் வந்தது. காதுக்காரர் மச்சானுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிலம்!"

கண்ணைத் திறந்தார். மச்சான் குரல் அவருக்குத் தெரியும். கடைக்கு வெளியே நின்று, "வாங்க வாங்க, உக்காந்து பாருங்க" என்று தெருவையே கூப்பிடுகிற குரல். இது அது இல்லை. கிணற்றின் ஆழத்திலிருந்து வருகிற, கனிந்த, கம்பீரமான ஒரு குரல். இத்தனை நாள் தண்ணீரையே பார்த்துக் களைத்த ஒருவன், மற்ற எல்லோருக்கும் முன்பாகக் கரையைக் கண்டுவிட்டுத் தன்னை அறியாமல் கத்துகிற மாதிரி இருந்தது. அவர் கையில் மயிர் சிலிர்த்தது. அந்த இடத்தை அவர் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார்.

கிளினிக்கிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே நின்று, "அண்ணன் ஏன் சளி பிடிச்ச மாதிரி கத்துது?" என்றாள்.

"உங்க அண்ணன் இல்ல இது," என்றார் காதுக்காரர். "உனக்குப் பல்லைப் பத்தித் தெரியும். இதை எங்கிட்ட விடு."

அன்றே மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், நிம்மதியா தூங்குங்க. நீங்க கத்தினதை வெட்டிட்டு யாரோ பெரிய பாடகரைப் போட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. பிறகு, "அவ்வளவு மோசமாவா மாப்ள கத்தியிருந்தேன்?" என்றார் மச்சான், கொஞ்சம் வருத்தமாக.

விமர்சனம் வெளிவந்தது. பத்திரிகை ஆசிரியரே இரண்டு தடவை படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம். "அரைக் கட்டை இறங்கியதால் ஒரு குழு ஆகாயத்துக்கு உயர்ந்திருக்கிறது" என்று தொடங்கி, "மௌனத்தின் நடுவே ஒற்றைக் குரலை நிறுத்திய தலைவரின் துணிச்சலுக்கு முன், முன்னூறு பேர் வேண்டாம் என்று வாதாடிய நான் வாயடைத்து நிற்கிறேன்" என்று முடித்திருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய மிகச் சந்தோஷமான பக்கம் அதுதான்.

அந்தச் சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை காலை வரை இருந்தது. மனைவி வீடு பெருக்குகிறேன் என்று சோபாவைத் தம் பிடித்து நகர்த்தினாள். காதுக்காரர் குளியலறையில் முகம் முழுக்க நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். "ஏங்க, இந்தக் குமிழ் ஏன் ஒரு ஓரமா போய்க் கிடக்கு? நடுவுலதானே இருக்கும்?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் பதில் சொல்வதற்குள் அவள் அதை நடுவில் தள்ளிவிட்டு, அண்ணன் பாட்டைப் போட்டுவிட்டாள்.

சுருதி அரைக் கட்டை மேலே இருந்தது. முன்னூறு பேரும் வழக்கம்போல இருந்தார்கள். மழை நின்றது. மௌனம் வந்தது.

"நிலம்!" என்று சோபாக்கடை வாசலில் நின்று மச்சான் கூப்பிட்டார்.

காதுக்காரர் நுரையோடு ஓடி வந்து அறை வாசலில் நின்றார். மனைவி அவரையும் சோபாவையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தாள். பல் டாக்டர் என்றாலும் புத்திசாலி. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, சோபாவில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவருக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குழுவின் தலைவர்.

"காதுக்காரர் சார், என்ன எழுத்து, என்ன எழுத்து! கடைசியில நம்மளைப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"சார், அந்த அரைக் கட்டை விஷயம்..."

"இறக்கினோம் சார், இறக்கினோம். அடுத்தவங்களுக்குத் தெரியாது, உங்க காதுக்குத் தெரிஞ்சுது பாருங்க." தலைவர் தன் காதைவிட அச்சில் வந்ததை அதிகம் நம்புகிறவர். எழுதியதைப் படித்த பிறகு, இறக்கியது போலவே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அந்த ஒற்றைக் குரலும் என் யோசனைதான். ஆனா ஒரு சின்னச் சிக்கல். பாடினது யாருன்னு தெரியல. அன்னிக்குக் கேட்டப்போ ஒருத்தரும் ஒத்துக்கல. இப்ப உங்க விமர்சனம் வந்ததுக்கப்புறம் கீழ்க்குரல் வரிசை மொத்தமும் 'நான்தான், நான்தான்'னு கை தூக்குது. லீவுல இருந்த ஆள்கூடக் கை தூக்கறான். நீங்க ஒத்திகைக்கு வந்து, கண்ணை மூடிக் கேட்டு, ஆளைக் காட்டிட்டீங்கன்னா, வர்ற கச்சேரியில முன்னால நிறுத்திடுவேன்."

காதுக்காரர் போனை வைத்துவிட்டு, குமிழ் நடுவில் இருக்கும்படியே அந்த "நிலம்" வருகிற இடத்தை மறுபடி போட்டுக் கேட்டார். நுரை காய்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் காதுக்காரர் என்கிற பெயர் அத்தோடு போகும். அந்தக் குரல் வெறும் அவசரக் கத்தல் என்று வெளிச்சமாகி, மச்சானும் வெளியே போவார். சொல்லாவிட்டால், யாரோ ஒரு கட்டைக்குரல்காரன் முன்னால் வந்து நிற்பான், மச்சான் பின்னால் நின்று கை தட்டுவார். அதுவும் கொஞ்சம் முன்கூட்டியே.

ஒத்திகை ஹாலில் முன்னூறு பேரும் படி படியாக நின்றார்கள். கீழ்க்குரல்காரர்கள் வரிசையாக வந்து ஒவ்வொருவராக "நிலம்" சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மச்சான் கை தூக்காத ஒரே ஆள். ஆனாலும் எல்லோரையும் வரச் சொன்னதால் வரிசையில் நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நான் கையைக் காட்டினா முதல் ஆள் ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் பரிபூரண அமைதி," என்றார் தலைவர். கையை மெல்ல உயர்த்தினார். காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் ஓர் இருமல்கூட இல்லை.

"நிலம்!"

கண்ணைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற மச்சான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தலைவர் முகம் சிவந்தது. "அப்படியா சங்கதி! அன்னிக்கும் இப்படித்தான் ஏதாவது ஒண்ணு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அது தன் யோசனை என்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இந்தக் குரல் அது இல்ல. 'கிணற்றின் ஆழம்'னு பத்திரிகையில போட்டிருக்கு. இது மேடு. இது வெறும் அவசரக் குடுக்கை. நீங்க போகலாம். இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமேலும்."

மச்சான் பாட்டுத் தாள்களை அடுக்கி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, படி இறங்க ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படிச் சுருங்கி காதுக்காரர் பார்த்ததே இல்லை.

"நில்லுங்க மச்சான்," என்றார் காதுக்காரர். எழுந்து முன்னூறு பேர் பக்கம் திரும்பினார். "குரல் இவரோடதுதான். கிணறுதான் இவரோடது இல்ல. கிணறு எங்க வீட்டு சோபால இருந்துச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சோபாவின் கை, குமிழ், நுரை, எதையும் விடவில்லை. "நீங்க யாரும் அரைக் கட்டை இறங்கல. நான் எழுதினதை நீங்க படிச்சுட்டீங்கன்னு நெனச்சு, சந்தோஷத்துல எனக்குப் புத்தி மழுங்கிடுச்சு. தப்பா கேட்டேன். ஆனா அந்த ஒத்தைக் குரலைக் கேட்டு மயிர் சிலிர்த்தது நிஜம். குமிழைச் சரி பண்ணினதுக்கப்புறம் மறுபடி கேட்டேன். அப்பவும் சிலிர்த்துச்சு. அதை மட்டும் மாத்தி எழுத மாட்டேன்."

சுருதியை இறக்கினோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த தலைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னூறு பேரில் ஒருவருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. காதுக்காரருக்குக் காது மடல் கொதித்தது.

அப்போது பாதிப் படியில் நின்ற மச்சான், எல்லோருக்கும் முன்னால், தனியாகச் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. முன்னூறு பேரும் சிரித்தார்கள். தலைவர்கூட முடிந்தவரை அடக்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்தார். பெரிய குழுவிடமிருந்து இவ்வளவு நன்றாகச் சேர்ந்து வந்த சத்தத்தைக் காதுக்காரர் அதுவரை கேட்டதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட தலைவர் தீர்ப்புச் சொன்னார். சோபாக்காரர் இருக்கலாம். ஆனால் இனி எல்லோரோடும் சேர்ந்துதான் வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் பின்னால் நின்று அவர் சட்டையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஆள் விட்டால்தான் இவர் பாடலாம். எண்ணிக்கை பிசகாத காது ஒன்று இந்த ஹாலிலேயே இருக்கிறது.

ஆகவே அடுத்த கச்சேரியில், காருக்குள் அடங்குகிற கூட்டம் போதும் என்று காலமெல்லாம் வாதாடியவர், முன்னூற்று ஒன்றாவது ஆளாகக் கறுப்புக் கோட்டில் மேடையேறினார். முதல் வரிசையில் மனைவி உட்கார்ந்து வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். மழை பெய்தது, பெய்தது, கடைசியில் நின்றது. மௌனம் வந்தது. மச்சானின் முதுகு திமிறியது. காதுக்காரர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினார். பிசகாமல் எண்ணினார்.

இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்போதே, தெரிந்தே, கையை விட்டுவிட்டார்.